கரி குடிக்காது

கைகள் கம்பிவலைக் குழலின் மூடியைத் திருகித் திறந்தன. முழங்கை நீளக் குழல். உள்ளே மிளகு மிளகாகக் கறுப்புக் கரி. ஒரு மணிகூடச் சிந்தாமல் அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சாய்த்து, குழலின் அடியை இரண்டு முறை தட்டி, கிண்ணத்துக்கு மூடி போட்டன. பிறகு வலது கை இடுக்கியை எடுத்தது. கிண்ணத்தை விரலால் தொடுவதில்லை. தொட்டால் விரலின் பிசுக்கும் எடையில் ஏறிவிடும். இடது கை தராசின் கண்ணாடிக் கதவை நகர்த்த, இடுக்கி கிண்ணத்தைத் தட்டின் நடுவில் இறக்கிவிட்டு வெளியே வந்தது. கதவு மூடியது. கடைசித் தசம இடம் ஆடி ஆடி அடங்கும்வரை இரண்டு கைகளும் மேசைமேல் சும்மா கிடந்தன.

கிண்ணத்தின் எடையைக் கழித்தால் நூற்றுப் பதினாறு கிராமும் கொசுறும். இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் வடிகட்டி டிரம்முக்குள் செருகி வைக்க அனுப்பியபோது சரியாக நூறு.

எண்ணை எழுதி முடித்த பிறகுதான் அவள் மூக்கைச் சுளித்தாள். அழுகின பழத்தில் பெயின்ட் தின்னரை ஊற்றி வெயிலில் மூடி வைத்ததுபோல ஒரு வாடை, மூடியின் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. காலணித் தொழிற்சாலையிலிருந்து திரும்பி வரும் கரி எப்போதும் இப்படித்தான். கை கழுவினாலும் போகாது. சாப்பிட உட்காரும்போது நகக்கண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேர் தராசு. இருபது வயதில் அங்கே கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். கழுவிய குடுவையில் ஒரு துளி நீர்த்தடம் இருந்தாலும் மறுபடி கழுவுவாள் என்பதால் தராசுப் பக்கம் நகர்த்தினார்கள். யாரோ வேலையை விட்டுப் போகும்போது அலமாரியில் போட்டுவிட்டுப் போன பாடப்புத்தகம் ஒன்று, அட்டை போய், முதல் பதினாறு பக்கமும் போய்க் கிடந்தது. அதை அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். திடப்பொருளின் மேல் வாயு எப்படி ஒட்டுகிறது என்ற ஒரே அத்தியாயத்துக்கு நாலு வருடம் ஆனது. இப்போது நாற்பத்தாறு. அந்தக் கம்பெனி செய்யும் ஒவ்வொரு காற்றுவடிகட்டிக்கும் 'இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவும்' என்று ஒட்டும் சீட்டில் இருக்கிற எண் அவள் போடுவது; கீழே இருப்பது அவள் கையெழுத்து.

யாராவது எதிர்த்துக் கேட்டால் ஒரே பதில்தான். "என்கிட்ட பேசாதீங்க. தராசுகிட்ட பேசுங்க."

அருவருப்பு அவளுக்குக் கூடப்பிறந்தது. அடுத்தவர் சீப்பு, குளியலறை வடிகாலில் சுருண்ட முடி, தேநீர்க் கோப்பையின் விளிம்பில் உதட்டுத் தடம். எல்லாவற்றுக்கும் மேலே, மேனேஜரின் ஆள்காட்டி விரல். அவர் எந்தத் தாளையும் எச்சில் தொட்டுத்தான் புரட்டுவார். அவள் சுத்தமாகக் கோடுபோட்டு எழுதிய தாள்கள் அவர் மேசையிலிருந்து திரும்பும்போது வலது மூலை எல்லாம் நொய்ந்து சுருங்கியிருக்கும். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் ஒரு தாளைப் போகும்போதும் வந்த கையோடும் நிறுத்துப் பார்த்தாள். ஒரு புரட்டலுக்கு எச்சில் ஒன்பது மில்லிகிராம். அந்த எண்ணை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

அன்று அந்த விரல் நூற்றுப் பதினாறின் மேல் வந்து நின்றது.

"நூறு கிராம் கரி எவ்வளவு குடிக்கும்னு நீங்க சொன்னீங்க?"

"முப்பத்தஞ்சு சார்."

"குடிச்சது?"

"பதினாறு."

"பாதிகூட இல்ல." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இருபத்திரண்டு நாள் ஓடியும் பாதி வயிறுகூட நிரம்பல. அப்போ எதுக்கும்மா இருபத்திரண்டு? முப்பதுன்னு போடுங்க. புது சீட்டு அடிக்கணும். இந்த வாரக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க."

சுவரில் கம்பெனி விளம்பரத் தாள் தொங்கியது. கண்ணும் வாயும் வைத்த கரித்துண்டு ஒன்று உறிஞ்சுகுழல் போட்டுப் புகையை உறிஞ்சிக்கொண்டு சிரித்தது. கீழே, 'நஞ்சைக் குடிக்கும் கரி'. அவளுக்கு அந்தப் படமே பிடிக்காது. கரி குடிக்காது. குடித்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். இது மேலே ஒட்டுவது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குகைகள், அந்தக் குகைச் சுவர்களில் வாயு வந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் இருபத்தாறு வருடம் அந்தச் சொல் காதில் விழுந்து விழுந்து அவள் வாயிலும் குடியேறிவிட்டது. அவளும் "குடிக்கும்" என்றுதான் சொன்னாள்.

மாலையில் நாத்தனார் வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். செருப்பின் அடியில் காய்ந்த பசை பால்நிறத்தில் நூல் நூலாகத் தொங்கியது. நாத்தனார் அந்தக் காலணித் தொழிற்சாலையில்தான் வேலை; அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டுகிற கூடத்தில் முப்பத்திரண்டு பெண்களில் ஒருத்தி.

"உள்ள வராத. முதல்ல கைகால் கழுவிட்டு வா. சோப்பு போட்டு."

"கழுவியாச்சு, அண்ணி. ரெண்டு தடவை. சாப்பாடு போடுவீங்களா, இல்ல என்னையும் எடை போட்டுப் பார்த்துட்டுத்தான் போடுவீங்களா?"

"எடை போட்டா தட்டு தாங்காது."

"அது அண்ணன் சம்பாத்தியத்துல வந்த உடம்பில்ல. அந்தப் பெருமையை எடுத்துக்காதீங்க."

கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டுகளை எடுத்து வைத்தான். மூவரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். கண் சிவந்திருந்தது.

"தலை வலிக்குதா?"

"வலிக்காம? உங்க டிரம்மு வாந்தி எடுக்குது, அண்ணி."

"என்ன எடுக்குது?"

"வாந்தி. புது டிரம்மு வந்தா முதல் வாரம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பசை டப்பாவுக்குப் பக்கத்துல நின்னாக்கூடத் தாங்குது, டிரம்மு மூச்சு விடற பக்கம் நிக்க முடியல. நாங்க பசை டப்பாகிட்டப் போய் நின்னு இளைப்பாறிட்டு வர்றோம்னா பார்த்துக்கோங்க."

"அதெப்படி? டிரம்மை நிறுத்துப் பார்த்தீங்களா?"

"நிறுத்திப் பார்த்தோமே. நாத்தம் குறைஞ்சுது."

"நிறுத்தி இல்லடி. நிறுத்து. தராசுல."

"அதுக்குத்தான் உங்க ஆளு வந்து குழலை உருவிட்டுப் போனாரே. நாங்க சுவிட்சை அணைச்சோம். சூப்பர்வைசர் வந்து கத்திட்டு மறுபடி போட்டுட்டார். 'கம்பெனிக்காரங்க படிச்சவங்க கணக்குப் போட்டுக் குடுத்திருக்காங்க, உங்களுக்கு என்ன தெரியும்'னார். அந்தப் படிச்சவங்க எங்க அண்ணிதான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைத்தான் எல்லாரும் மொத்துவாங்க."

கரி கக்காது என்று சொல்ல வாயெடுத்தாள் அவள். எடை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, இன்னும் பாதி வயிறு காலி, காலி வயிறு எதற்குக் கக்க வேண்டும் என்று கேட்டாள்.

"குடிச்சா கக்கத்தானே செய்யும்?" என்றாள் நாத்தனார். "குடிக்கிறவங்களை நீங்க பார்த்ததில்லையா? வயிறு நிரம்பியா கக்கறாங்க? ஒண்ணு மேல இன்னொண்ணு சேராம கக்கறாங்க."

"சாப்பிடும்போது இந்தப் பேச்சுத்தானா கிடைச்சுது ரெண்டு பேருக்கும்?" என்று கணவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அவளும் அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்து அலமாரியிலிருந்து ஒரு பெட்டி வண்ணக்குழல்களை எடுத்துக்கொண்டு காலணித் தொழிற்சாலைக்குப் போனாள். பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் குழல்கள் அவை. இரு முனையையும் உடைத்துக் கைப்பம்பில் செருகிக் காற்றை இழுத்தால், காற்றில் இருக்கிற அசிட்டோனின் அளவுக்கு உள்ளே நிறம் மாறி ஏறும். நகச்சாயத்தைத் துடைக்கிற வாடை அசிட்டோனுடையது. பசையில் இன்னொன்றும் இருந்தது, டொலுயீன். பெயின்ட் கடை வாடை. இரண்டையும் பிடித்து நிறுத்தத்தான் அந்தக் கரி.

கூடத்துக்குள் கால் வைத்தாள். தரை காலைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு 'சர்ர்ர்' என்று உரிந்து வந்தது. குடிதண்ணீர் ஜாடியின் மூடியில் பசை விரல்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து ஒரு தோல்போல ஆகியிருந்தன. குழாயடிக் கண்ணாடியில் யாரோ தும்மிய புள்ளிகள். நாலு பெண்களுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு டிரம். மேலே ஒரு குழாய் காற்றை இழுத்தது, கீழே ஒரு குழாய் சுத்தமான காற்றைத் திரும்ப அந்தப் பெண்களின் முகத்துக்கே விட்டது. சுத்தமான காற்று என்பது அவள் சீட்டில் எழுதியிருந்தது.

பதினைந்தாம் நாள் ஓடிக்கொண்டிருந்த டிரம் எது என்று கேட்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள். மேல் குழாயில் முதல் அளவு: பத்து லட்சத்துக்கு முன்னூறு. கீழ்க் குழாயில் செருகினாள். நிறம் முன்னூறைத் தொட்டது, தாண்டியது, முன்னூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

குழல் மாறிப்போனது என்று நினைத்தாள். இன்னொன்று உடைத்தாள். பிறகு இன்னொன்று. மேலே ஐந்து, கீழே ஐந்து. பத்துக் குழலையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாகப் படுக்கவைத்து அளவுகோல் வைத்துப் பார்த்தாள். உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அதிகம். நாத்தனார் பசைத் தூரிகையோடு பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அண்ணி? வாந்திதானே?"

அவள் குழல்களைத் தாளோடு எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

திரும்பி வந்து, தான் பதினொரு வருடத்துக்கு முன்னால் போட்ட கணக்குத் தாளை எடுத்தாள். அழகான கையெழுத்து. அசிட்டோன் மட்டும் தனியாக விட்டால் நூறு கிராம் கரியில் ஒட்டுவது ஒன்பது கிராம். டொலுயீன் மட்டும் தனியாக விட்டால் இருபத்தாறு. ஆக முப்பத்தைந்து. நாள் ஒன்றுக்கு இரண்டும் சேர்ந்து வருவது இவ்வளவு; வகுத்தால் இருபத்திரண்டு.

அந்த 'ஆக'வைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வயிறாக இருந்தால் கூட்டலாம். இங்கே ஒரு செம்பு, அங்கே ஒரு செம்பு, ஆக இரண்டு செம்பு. ஆனால் சுவர் வயிறு இல்லை. அசிட்டோன் தனியாக வந்தபோது அது உட்கார்ந்த அதே சுவரில்தான் டொலுயீன் தனியாக வந்தபோதும் உட்கார்ந்தது. ஒரே நாற்காலியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். சேர்ந்து வந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்; டொலுயீன் கனமானது, கரியோடு ஒட்டும் பிடி அதற்கு அதிகம். முதலில் ஓடிவந்து உட்கார்ந்த அசிட்டோனைப் பின்னால் வரும் டொலுயீன் எழுப்பித் துரத்தும். துரத்தப்பட்டது, புதிதாக வருவதோடு சேர்ந்து வெளியே போகும். அதனால்தான் முன்னூறு போய் முன்னூற்று நாற்பத்துச் சொச்சம் வருகிறது. கரி நிஜமாகவே தின்றதைக் கக்கிக்கொண்டிருந்தது.

இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அட்டை போன புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் கடைசி ஏழு பக்கம் கலவைகளைப் பற்றியதுதான். ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'நமக்கு வேண்டாம். நாம் தனித்தனியாகத்தான் அளக்கிறோம்.'

தராசு பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். யார் என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு நாளில் நூறு கிராம் கரிக்கு வந்து சேர்ந்தது முப்பத்தைந்து கிராம், அதில் பிடிபட்டது பதினாறு. மிச்சம் பத்தொன்பது எங்கே என்று அவளோ மேனேஜரோ ஒரு நாளும் கேட்கவில்லை. எடை குறைவாக வரும்போதெல்லாம் அவள் பக்கத்தில் எழுதியது 'இன்னும் இடம் உள்ளது'. ஒரு டிரம்மில் அறுபது கிலோ கரி. பதினொன்றரைக் கிலோ அசிட்டோன், ஒவ்வொரு முறையும், கீழ்க் குழாய் வழியாக அந்த முகங்களுக்குள்.

எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேனேஜரின் எச்சிலை மில்லிகிராம் கணக்கில் நிறுத்தவள்.

கணக்கைப் புதிதாகப் போட ஐந்து நாள் பிடித்தது. ஏழு பக்கத்தையும் மறுபடி படித்தாள். அதன் யோசனை இதுதான்: கரியின் மேற்பரப்பு ஒரு தரை. ஒரு கூட்டத்தைத் தனியாகவும் இன்னொரு கூட்டத்தைத் தனியாகவும் அந்தத் தரையில் நிறுத்து. எந்த நெரிசலில் நிறுத்தினால் இரண்டும் தரையை ஒரே அளவு அழுத்துமோ அதைக் கண்டுபிடி. பிறகு அந்த நெரிசல்களிலிருந்து, கலந்து நிற்கும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரி. பங்குகளைக் கூட்டினால் ஒன்று வரவேண்டும். வராவிட்டால் அழுத்தத்தை ஊகித்தது தப்பு, மறுபடி ஊகி.

முதல் ஊகத்தில் ஒன்று புள்ளி மூன்று வந்தது. அடுத்ததில் புள்ளி ஒன்பது. பிறகு ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு. கணினித் திரையில் எண்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். தானாகத் தேடித் தரும் பொத்தான் இருந்தும் தொடவில்லை. தானாக வந்த 'ஆக' ஒன்றை நம்பியே பதினொரு வருடம் போயிருந்தது. புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு. ஒன்று.

டொலுயீன் இருபத்து நான்கு கிராம். அசிட்டோன் ஒரு கிராம். முழுக்க நிரம்பினாலும் கரி தாங்குவது இருபத்தைந்துதான். ஒன்பது கிராம் பிடிக்கும் என்று எழுதிக்கொடுத்த அசிட்டோனுக்குக் கடைசியில் மிஞ்சுவது ஒன்று.

அந்தக் கணக்கை டிரம்மின் உயரம் நெடுக அடுக்கடுக்காக ஓட்டினாள். கீழ்க் குழாயில் அசிட்டோன் எப்போது எட்டிப் பார்க்கும்? எட்டிப் பார்த்த பிறகு எவ்வளவு வரும்? இரண்டாவது கேள்விக்கு முன்னூற்று நாற்பத்தைந்து என்று வந்தது. வெள்ளைத்தாளில் படுத்திருந்த ஐந்து குழல்களையும் அதன் பக்கத்தில் வைத்தாள். பொருந்தியது. மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. முதல் கேள்விக்கு வந்த பதில் ஏழு புள்ளி நான்கு நாள்.

"ஏழரையா?" என்றார் மேனேஜர்.

"ஏழு புள்ளி நாலு, சார்."

"ஏழரைன்னே வெச்சுக்குவோம். நல்ல நேரம் பார்த்துத்தான் கூட்டியிருக்கீங்க ஏழரையை." விரல் நாக்குக்குப் போனது. பக்கம் புரண்டது. "நான் முப்பது கேட்டேன். இருந்தது இருபத்திரண்டு. நீங்க ஏழரைன்னு வந்து நிக்கறீங்க. தனித்தனியா அளந்தது தப்பா?"

"அளந்தது சரி. கூட்டினது தப்பு."

"யார் கூட்டினது?"

"நான்தான்."

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரிம்மா. மனுஷங்கதானே. பதினஞ்சுல முடிச்சுக்கலாம்."

"எதை, சார்?"

"நாளைத்தான். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நடுவுல."

"காய்கறியா சார் இது, பேரம் பேச? பதினஞ்சாம் நாள்தான் நான் போய் அளந்தேன். உள்ள போறதைவிட வெளியில அதிகமா வருது."

"பன்னெண்டு?"

மேசை ஓரத்தில் அவர் கடித்துத் துப்பிய நகத்துணுக்கு ஒன்று கிடந்தது. அவள் பார்வை அதிலேயே போய்ப் போய் விழுந்தது.

"பத்து. இதுக்குமேல இறங்க மாட்டேன்" என்றார் மேனேஜர்.

"எட்டாம் நாள் காலையில அங்க பொம்பளைங்க வேலைக்கு வருவாங்க, சார். அவங்க மூக்குகிட்ட நீங்க பேசிப் பாருங்க."

அவர் தாளை மூடினார். விரல் ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அப்போ நான் இதைப் பார்க்கவே இல்ல. பழைய தாள் இருக்கு. இருபத்திரண்டு நாள். கையெழுத்தும் இருக்கு. என் கையெழுத்து இல்லம்மா, உங்களுது. ஏதாவது ஒண்ணுன்னா அதுதான் பேசும். போங்க, போய் வேற வேலையைப் பாருங்க."

இதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் மிரட்டியதை அல்ல. அவர் சொன்னது உண்மை என்பதை. அந்தப் பழைய தாள் இருக்கும்வரை எட்டாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள்வரை கீழ்க் குழாயிலிருந்து வருவது அவள் கையெழுத்து.

தாள்களை எடுத்துக்கொண்டு இடத்துக்கு வந்தாள். மூலை நனைந்திருந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப்போட்டு மறுபடி அச்செடுத்தாள். விதிமுறைக் கோப்பின் அடியில் ஒரு படிவம் இருப்பது அவளுக்குத் தெரியும். சீட்டில் எண் போட்டவரே தான் போட்டதைத் திரும்பப் பெறலாம். காரணத்தை எழுதி, வாங்கியவரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். மேனேஜர் கையெழுத்துக்கு அதில் கட்டமே கிடையாது. தன் தப்பைத் தானே எழுதிக் கொடுக்க எவருக்கும் மேலிடத்து அனுமதி தேவைப்படும் என்று அந்தப் படிவத்தை அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. படிவம் ஓரம் பழுத்து, ஒருமுறைகூட யாரும் எடுக்காத மொடமொடப்போடு இருந்தது.

எழுத உட்கார்ந்தவள் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். கரி பிடித்ததைத் திரும்ப விடுவதற்குப் புத்தகத்தில் இருந்த பெயரை எழுதினால் காலணித் தொழிற்சாலைச் சூப்பர்வைசருக்குப் புரியாது. புரியவில்லை என்பதே அவருக்குப் போதும், மடித்து வைத்துவிடுவார். 'ஏற்ற இறக்கம்' என்று எழுதிப் பார்த்தாள். தப்பைக் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அடித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்:

'இருபத்திரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று நான் எழுதியது தவறு. இரண்டு வாயுக்களும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் கூட்டிவிட்டேன். எட்டாம் நாளிலிருந்து இந்த வடிகட்டி, தான் பிடித்து வைத்திருந்த அசிட்டோனை வாந்தி எடுக்கிறது. அதாவது, உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே விடுகிறது. எடை கூடுகிறது என்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றவும். அளவுகளும் கணக்கும் இணைப்பில்.'

மூன்று முறை படித்தாள். ஒரு எழுத்துப்பிழை இருந்தது. மறுபடி முழுவதையும் எழுதினாள்.

காலணித் தொழிற்சாலையில் மதிய இடைவேளை முடிந்து பெண்கள் மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கூடத்து வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பல்குத்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் பலகையில் எட்டு டிரம்முக்கும் மாற்றி எத்தனை நாள் ஆனது என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குப் பதினொன்று. இரண்டுக்கு இருபத்தொன்று. மீதி ஆறுக்கும் பதினாறு.

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"மெயில்ல அனுப்பிடுங்களேன்."

"அனுப்பினா கையெழுத்து வாங்க முடியாது."

"எதுக்குக் கையெழுத்து? மேசைமேல வெச்சுட்டுப் போங்க. அப்புறம் பார்க்கறேன்."

"கையில வாங்குங்க, சார். படிச்சுப் பாருங்க. நாலு வரிதான்."

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு எனக்குத் தெரியலைன்னு சொல்ல முடியாதே, மேடம்."

"அதுக்குத்தான் கொண்டு வந்திருக்கேன்."

குச்சியைச் சுவரோரம் துப்பினார். அது சுவரில் பட்டு ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கியது. அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, கையையும் மடக்கவில்லை. தாள் அவர் முகத்துக்கு நேரே நீட்டியபடி இருந்தது.

கூண்டுக்கு வெளியே செருப்புகள் உரியும் சத்தம் குறைந்தது. மேசைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். நாத்தனார் கூண்டின் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன கூட்டம் இங்க? மணி ஆகல?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆச்சு, சார்" என்றாள் நாத்தனார். "உங்களுக்குத் தாள் வந்திருக்காமே. வாங்கிட்டீங்கன்னா நாங்க போயிடறோம்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, சார். நாங்க என்ன படிச்சவங்களா? சத்தமாப் படிங்க, தெரிஞ்சுக்கறோம்."

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். சூப்பர்வைசர் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தார். பிறகு, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்போல, இரண்டு விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்தார். அவள் தன் பக்க ஓரத்தை விடாமல், மறு கையால் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

வலது பக்கக் கட்டத்தில் அவர் தேதியோடு கையெழுத்திட்டு முடிக்கும்வரை பிடித்திருந்தாள். அப்புறம் அடியில் இருந்த கார்பன் நகலை உருவிக்கொண்டு தாளை விட்டாள்.